பூஜையில் வைத்த துப்பாக்கி

ஆயுத பூஜைக்கு எங்கள் வீட்டில் வைப்பதற்குப் பெரிதாக ஒன்றும் இருக்காது. அப்பாவின் ஸ்பேனர்கள், அம்மாவின் தையல் மெஷின், என் பள்ளிக்கூடப் புத்தகங்கள். புத்தகங்களுக்கு எவ்வளவு சந்தனம் பூசியும் பலனில்லை. செகண்டரி டூவோடு, அதாவது எட்டாம் வகுப்போடு, நான் நின்றுவிட்டேன். அது வேறு கதை.

தாத்தா இறந்த வருஷம் செம்பவாங் வீட்டிலிருந்து அவருடைய இரும்புப் பெட்டி எங்கள் தெம்பனிஸ் வீட்டுக்கு வந்தது. தாத்தா கப்பல் பட்டறையில் ஃபிட்டராக இருந்தவர். பெட்டியின் அடியில் எண்ணெய்த் துணி சுற்றிய ஒரு பொட்டலம் கிடந்தது. ஏதோ கருவி என்று நினைத்த அம்மா, பிரித்துப் பார்க்காமலேயே பொட்டு வைத்து மற்றவற்றோடு அடுக்கிவிட்டாள். தேங்காய் உடைத்து, சூடம் காட்டி எல்லாம் முடிந்த பிறகுதான், சுண்டல் தின்ன வந்த சித்தப்பா சும்மா இருக்க முடியாமல் துணியை விலக்கினார்.

"அண்ணே, இது நெசத் துப்பாக்கி லா!"

பழைய ரிவால்வர். எங்கள் ஊரில் துப்பாக்கி வைத்திருந்தால் தூக்கு என்று பள்ளியில் பேசிக்கொள்வோம். சட்டம் அவ்வளவு நேர்க்கோடு இல்லை என்பது பிறகுதான் தெரிந்தது. அன்றைக்கு நான் அப்பாவின் கழுத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

அம்மா ஓடிப்போய்க் கதவைச் சாத்தினாள். "போலீசுக்கு போன் போடுங்க" என்றாள். அப்பா போனைத் தொட்டதும் அவளே வந்து பிடித்துக்கொண்டாள். "இருங்க, பூஜையில வெச்சத நாளைக்கு மறுபூஜை முடியாம எடுக்கக் கூடாது. இப்ப வந்தா தூக்கிட்டுப் போயிருவாங்க. சாமி குத்தம் ஆயிரும்." போலீசுக்கு நடுங்கியவள், சாமிக்கு அதைவிடக் கொஞ்சம் அதிகமாகவே நடுங்கினாள்.

சித்தப்பாவுக்கோ குஷி. "ஜப்பான்காரன் காலத்துதுண்ணே. நம்ம அப்பா சண்டை போட்டிருப்பாரு."

"அப்ப அவருக்கு மூக்கு சிந்தவே தெரியாது. வாய மூடுடா."

அப்பா அதை எடுக்காமல், இருந்த இடத்திலேயே குனிந்து வெகுநேரம் பார்த்தார். குண்டு போடும் ஓட்டைகளில் ஒன்று மட்டும் காலியாக இருந்தது. "ஒரு குண்டு மட்டும் சுட்டிருக்கு" என்றார். குரல் அவருடையதாக இல்லை. தாத்தா கோபக்காரர். அவரைப் பற்றி எங்கள் வீட்டில் யாரும் இனிப்பாக ஒரு வார்த்தை சொல்லி நான் கேட்டதில்லை.

தாத்தாவோடு பட்டறையில் வேலை பார்த்த பாய் ஒருவர், தேக்கா கடைத்தெருவில் மகனின் துணிக்கடையில் உட்கார்ந்திருப்பார். அவரைக் கேட்டால் தெரியும் என்று அப்பா கிளம்பினார். விட்டால் யாராவது பிடித்துக்கொண்டு போய்விடுவார்கள் என்று நான் அவர் சட்டையைப் பிடித்தபடி கூடவே போனேன். பஸ்ஸில் டிக்கெட் பார்க்க ஏறியவரின் சீருடையைக் கண்டதும் எனக்கு அழுகையே வந்துவிட்டது.

அப்பா மெதுவாக விஷயத்தைச் சொல்ல, பாய் தலையில் அடித்துக்கொண்டார். "அடப்பாவி, கடல்ல போட்டுருடான்னு தலபாடா அடிச்சுக்கிட்டேனே! இன்னுமா வெச்சிருந்தான்?"

"ஒரு குண்டு சுட்டிருக்கு மாமா. அப்பா யாரையாச்சும்..." அப்பாவால் முடிக்க முடியவில்லை.

"யாரை? உங்கப்பனா? கத்துவான், அதோட சரி." பாய் சிரித்தார். "பட்டறைய விட்டு வெள்ளக்காரனுங்க ஊருக்குக் கெளம்புனாங்கள்ல, அப்ப ஒரு இன்ஜினியரால நாயைக் கொண்டுபோக முடியல. சுட்டுப் பொதைச்சிருன்னு துப்பாக்கிய இவன் கையில குடுத்துட்டு, உள்ள போயி அழுவுறான். உங்கப்பன் நாயைப் பின்னாடி இழுத்துட்டுப் போயி மண்ணுல சுட்டான். சத்தம் கேட்டுச்சு, தொர நம்பிட்டான். அவன் போனப்புறம் துப்பாக்கிய ஒப்படைக்கலாம்தான். ஒப்படைச்சா நாய் எங்கன்னு கேப்பாங்களாம்! அதுக்குப் பயந்துட்டு ஒளிச்சு வெச்சான்."

அப்பா துணிக்கட்டின் மேல் உட்கார்ந்துவிட்டார். "ஒரு காது மடங்குன நாயா மாமா?"

"அதேதான். ஸ்கூல் வாசல் வரைக்கும் உன் பின்னாலயே வருமே."

"ரோட்டுல கெடந்துச்சு, தூக்கியாந்தேன்னுல்ல சொன்னாரு..." அப்பா சட்டையைத் தூக்கி முகத்தைத் துடைத்தார். வீடு திரும்பும் வழியெல்லாம் அந்த நாயைப் பற்றியே பேசினார். அது எப்படி நீந்தும், எப்படிச் சோற்றுக்குக் கத்தும் என்று. பயத்தில் அப்பாவுக்குப் புத்தி கலங்கிவிட்டதென்று நான் முடிவு செய்தேன்.

மறுநாள் காலையில் மறுபூஜை முடிந்ததும் அப்பாவே போன் செய்தார். போலீசார் வந்தார்கள். சந்தனமும் குங்குமமுமாக இருந்த துப்பாக்கியை ஒரு அதிகாரி பார்த்தார், பிறகு அம்மாவைப் பார்த்தார். அம்மா பதற்றத்தில் அவரிடம் சுண்டல் கிண்ணத்தை நீட்டினாள்.

அப்பா வாக்குமூலம் கொடுத்துவிட்டு அன்று மாலையே திரும்பி வரப்போகிறார், வழக்கு எதுவும் இருக்காது என்பது அந்த நேரத்தில் எனக்கு எப்படித் தெரியும்? அதிகாரி, இதை யாராவது சுட்டதுண்டா என்று ஆங்கிலத்தில் கேட்டார். இல்லை என்று சொல்லுங்கள் அப்பா, இல்லை என்று மட்டும் சொல்லுங்கள் என்று நான் கதவுக்குப் பின்னால் எல்லாச் சாமியையும் கும்பிட்டேன்.

"மை ஃபாதர்" என்றார் அப்பா, காரிடாரில் வேடிக்கை பார்த்தவர்களுக்கெல்லாம் கேட்கும்படி. "ஒன் டைம்."

அவர் சிரித்துக்கொண்டிருந்தார். மாட்டிக்கொள்கிற நேரத்தில் இந்த மனுஷர் இதை ஏன் இவ்வளவு பெருமையாகச் சொல்லித் தொலைக்கிறார் என்று, கும்பிட்ட கையாலேயே முகத்தை மூடிக்கொண்டேன்.