தள்ளுமுள்ளு இல்லாத காட்சி

சென்னையில் இருக்கும் ஒரு சீரியல் கம்பெனிக்குக் கடலூர், சிதம்பரம் பக்கத்தில் இடம் பார்த்துக் கொடுப்பதும், கூட்டக் காட்சிக்கு ஆள் சேர்ப்பதும் கொஞ்ச காலம் என் வேலையாக இருந்தது. அதற்கு முன் மஞ்சக்குப்பத்தில் ஒரு நாளிதழுக்கு நிருபர்.

கதையில் வெள்ளம் வந்தது. புவனகிரிக்கு அருகே வெள்ளாற்றை ஒட்டிய ஒரு தெருவைக் காட்டினேன். நிஜ வெள்ளத்தில் மூழ்கிய தெரு. அப்போது செய்தி எடுக்கப் போனதில் எல்லோரும் பழக்கம். கூட்டத்துக்கும் அவர்களையே சேர்த்தேன். கம்பெனிக்காரர்கள் தெருமுனைச் சுவரில் ‘வெள்ள நிவாரண முகாம்’ என்று பலகை மாட்டினார்கள். கீழே ஊரின் உண்மையான பெயர்.

காட்சி எளிது. லாரியிலிருந்து செயற்கை மழை. நாயகி வேனில் நின்று சாப்பாட்டுப் பொட்டலம் தருவார். மக்கள் முட்டி மோதிப் பறிக்க வேண்டும்.

இயக்குநர் ‘ஆக்‌ஷன்’ என்றார். மக்கள் வரிசையில் நின்றார்கள்.

“கட்! அடிச்சுக்கணும்மா. பசி தெரியணும்.”

மறுபடியும் வரிசை.

அந்தத் தெருவில் தையல் கடை வைத்திருக்கும் அக்கா முன்னால் வந்தார். “பசிச்சப்பவே நாங்க அடிச்சுக்கல சார். இந்த சீரியல எங்க சம்பந்தி வூட்டுலயும் பாக்குறாங்க. பொட்டலத்துக்கு அடிச்சுக்கிற ஊருன்னு நாளைக்கி எங்க பொண்ணுங்களத்தான் பேசுவாங்க.”

பின்னாலிருந்து ஒரு குரல்: “அடிதடி வேணும்னா எங்க மாமாவக் கல்யாணப் பந்தியில விட்டுப் பாருங்க சார். ரீடேக்கே வேணாம்.”

“ஒன் கல்யாணத்துல கறி பத்தலடா மச்சான். வேற என்னா பண்றது?” என்றார் அந்த மாமா. நனைந்தபடியே எல்லோரும் சிரித்தார்கள்.

இயக்குநர் சிரிக்கவில்லை. மைக்கை என்னிடம் நீட்டினார். “நீங்க கூட்டிட்டு வந்த ஆளுங்க. நீங்களே சொல்லுங்க.”

காட்சி நின்றுபோனால் எனக்கு இந்த வேலை இல்லை என்பது தெரியும். நிஜ வெள்ளத்தில் இதே இடத்துக்கு ஒரு வேன் வந்ததும் தெரியும். முழங்காலளவுத் தண்ணீரில் வரிசை நின்றது. கைக்குழந்தை வைத்திருந்தவர்களை முன்னால் விட்டார்கள். தள்ளுமுள்ளு இல்லை என்று எழுதி அனுப்பினேன், அப்படியே அச்சானது.

மைக்கில் சொன்னேன்: “அன்னைக்கி எப்படி நின்னீங்களோ, அப்படியே நில்லுங்க.”

மைக்கை வாங்கி அணைத்தார்கள். மழை நின்றது. “சிதம்பரத்துலேருந்து வேற ஆள் எறக்கி நாளைக்கி இங்கயே எடுத்துக்கிறோம்” என்றார் இயக்குநர்.

“எடுங்க சார், தெரு பொதுதான்” என்றார் அக்கா. “அந்தப் பலகைய மட்டும் கழட்டிட்டு எடுங்க.”

“அது கம்பெனியோடதும்மா.”

“பலகை ஒங்களுது. பேரு எங்களுது.”

இயக்குநர் பதில் சொல்வதற்குள், பந்தியில் அடித்துக்கொள்வதாகச் சொல்லப்பட்ட மாமா ஏணியோடு வந்துவிட்டார். கழற்றிய பலகையைத் துடைத்து, கம்பெனி வேனிலேயே பத்திரமாக ஏற்றினார்.

அதன்பின் கம்பெனியிலிருந்து எனக்கு அழைப்பு இல்லை. நானும் கேட்கவில்லை.

ஒளிபரப்பான அன்று தையல் கடையில் உட்கார்ந்து பார்த்தோம். யாரோ யாரையோ இடித்துப் பொட்டலம் பறித்தார்கள். பின்னால் சுவரில் இரண்டு ஆணிகள் மட்டும் தெரிந்தன.

அக்கா மெஷினை நிறுத்தாமல் ஒருமுறை நிமிர்ந்து பார்த்தார்.

“எந்த ஊரோ, பாவம்” என்றார்.