நான் போட்ட கையெழுத்து

நகரியத்துத் தெருக்களைக் கூட்டும் கான்ட்ராக்ட் பெண்களில் கையெழுத்துப் போடத் தெரிந்தவள் நான் ஒருத்திதான். மற்றவர்கள் கட்டைவிரலை மையில் ஒற்றிவிட்டுப் போவார்கள். நான் பேனாவை வாங்கி என் பெயரின் ஐந்து எழுத்தையும் நிதானமாகப் போட்டு முடிக்கும்வரை சூப்பர்வைசர் காத்திருப்பார். காத்திருக்கட்டுமே.

ஆதார் எடுத்த மறுவருடம் வருகைப் பதிவுக்கு மெஷின் வந்தது. பர்மனென்ட் ஆட்களுக்கு அட்டை, எங்களுக்கு விரல். பெயருக்கு விரலைப் பதியும் முதல் நாளில் பார்த்தால், பிளீச்சிங் பவுடர் தின்ற என் விரலில் ரேகையே இல்லை.

"ஏழெட்டு தடவ வச்சிட்ட ஆயா. மெஷினுக்கு உன்ன தெரியலியே. வூட்டுக்குப் போ."

சூப்பர்வைசர் போன் பேசத் திரும்பிய நேரத்தில், பக்கத்தில் நின்றவள் என் பெயருக்குத் தன் இடது விரலை வைத்துவிட்டாள். அவளுக்கு என் மகள் வயது. அன்றிலிருந்து அவளுடைய வலது விரல் அவளுக்கு, இடது விரல் எனக்கு.

"ரெண்டு கையாலயும் வேலைக்கு வந்துகினு இருக்கேன் பெரிம்மா" என்று சிரிப்பாள்.

பிறகு ஓர் ஆராய்ச்சிக்காரப் பெண் வந்தாள். முன்பு சாதி பார்த்து ஆள் ஒதுக்கியதை இப்போது மெஷின் எப்படிச் செய்கிறது என்று எழுதப்போகிறாளாம். "நானும் நம்ம தெருப் பொண்ணுதாங்கம்மா" என்று என் சொம்பில் தண்ணீர் வாங்கிக் குடித்தாள். அதிலேயே கரைந்து விரல் கதையைச் சொல்லிவிட்டேன்.

"உங்க பேரு வராதும்மா" என்று ஒரு தாளையும், மைப்பெட்டியையும் பேனாவையும் எடுத்து வைத்தாள். நான் பேனாவை எடுத்தேன். எழுத்துக்கூட்டிப் படித்தால் என்ன நினைப்பாளோ என்று, படித்தவள்போலத் தலையை ஆட்டிக்கொண்டே போட்டேன்.

பத்திரிகையில் என் பெயர் வரவில்லைதான். 'குழுவில் கையெழுத்திடத் தெரிந்த ஒரே மூதாட்டி' என்று வந்தது. சக தொழிலாளியின் இடது விரலும் வந்தது. சூப்பர்வைசர் அதை எங்கள் முன்னால் வாசித்துவிட்டு அவளைப் பார்த்து, "இடது கைய நீட்டு" என்றார். இரண்டு பேரையும் அன்றே நிறுத்தினார்கள். எனக்கு வயதாகிவிட்டது. அவளுக்கு இரண்டு பிள்ளைகள் பள்ளிக்கூடத்தில்.

பத்திரிகையைக் கொடுக்க வந்த ஆராய்ச்சிக்காரியிடம், விரல் கதையை ஏன் எழுதினாய் என்று கேட்டேன்.

"நீங்க ஒத்துக்கிட்டு கையெழுத்து போட்டீங்களேம்மா" என்று தாளைக் காட்டினாள். என் ஐந்து எழுத்தும் பிசகாமல் இருந்தன.

"நம்ம தெருப் பொண்ணுன்னியே, அதுக்கு நீ எங்க கையெழுத்து போட்ட?" என்றேன்.

பிறகு, வடக்குத்து கிராமத்தில் இருந்த, எனக்கு விரல் கொடுத்தவளின் வீட்டுக்கு நடந்தே போனேன். வாசலை விட்டு நகராமல் ஒன்றே ஒன்று கேட்டாள்.

"படிச்சிட்டுதான போட்ட, பெரிம்மா?"

"ஆமா" என்றேன்.

இல்லை என்பதை இப்போதுதான் எழுதுகிறேன்.