ஜமீல் கண்மாய்க்குக் கொண்டுபோன பெட்டி

மதுரைக் கீழவாசலில் கிராமபோன் பழுது பார்த்துவந்த ஜமீல், வானொலியில் செய்தி அனுப்ப உரிமம் பெற்றிருந்த மிகச் சிலருள் ஒருவர். தைரியசாலி என்று அவரை யாரும் சொன்னதில்லை. வானம் உறுமினால் முதலில் ஏரியல் கம்பியைக் கழற்றி வெளியே எறிவார்; பிறகே கடைக்கதவைச் சாத்துவார்.

1937ஆம் ஆண்டு ஐப்பசி மழையில் திருவாதவூர்ப் பக்கத்துத் தந்திக் கம்பங்கள் சாய்ந்தன. அங்கே ஒரு கண்மாய் கரை தளும்பி நின்றது. கரைக்குக் கீழே பண்ணையாட்களின் குடிசைகள். வெளியேறும் வண்டிப்பாதையிலோ இடுப்பளவு தண்ணீர். கண்மாய்க்கு நீர் கொண்டுவரும் வாய்க்காலின் மேல்மதகை அடைத்தால் வரத்து நிற்கும். மதுரையிலிருந்து மேல்மதகுக்குத் தந்தி இருந்தது. கண்மாயிலிருந்து மதுரைக்குத்தான் இல்லை. கரை நிலைமையைப் பார்த்துச் சொல்ல, நகர வியாபாரிகளின் நிவாரணக் குழு ஜமீலைக் கேட்டுக்கொண்டது.

குழுவினர் குரலை அனுப்பும் பெட்டியையே விரும்பினார்கள். அதற்கு மின்சாரம் வேண்டும். கண்மாயில் ஏது மின்சாரம்? பேட்டரியில் ஓடும், மோர்ஸ் குறி மட்டும் அனுப்பும் சிறு பெட்டியை ஜமீல் தேர்ந்தெடுத்தார். மாட்டுவண்டியில் மிச்சமிருந்த இடத்தில் ஒன்றைத்தான் ஏற்றலாம்: பதில் கேட்கும் பெட்டியா, இரண்டாவது பேட்டரியா? பேட்டரியை ஏற்றினார்.

"அப்ப நான் கேட்டேனா இல்லையான்னு ஒங்களுக்கு எப்பிடிங்க தெரியும்?" என்றாள் மனைவி சபியா. மோர்ஸ் குறிகளைக் கணவனைவிட விரைவாகப் படிப்பவள் அவள். வீட்டில் காதுகுழாயுடன் உட்கார்ந்திருக்க வேண்டியவளும் அவள்தான். செய்தி வந்தால் அவள் தம்பி பீர் முகமது பொதுப்பணி அலுவலகத்துக்கு ஓடி, மேல்மதகுக்குத் தந்தி கொடுக்கச் சொல்வான்.

"தெரியாதும்மா," என்றார் ஜமீல்.

மறுநாள் நண்பகலில், கரைமேல் ஓலைப்பந்தலுக்குள் பெட்டியை வைத்தார். பனைமரத்தில் ஏரியலைக் கட்டினார். மண் இணைப்பு இல்லாமல் செய்தி போகாது; அதற்கு அங்கே கிடந்த கடப்பாரையை ஈரத்தரையில் அறைந்து அதில் கம்பியைச் சுற்றினார். ஏரியலில் ஒரு டார்ச் பல்பு. அது எரிந்தால் செய்தி வெளியே போகிறது என்று பொருள்.

"பாய், இந்த டொக்கு டொக்கு கீழவாசல் வரைக்கும் கேக்குமா? நான் கத்துனா எம் பொண்டாட்டிக்கே கேக்காதே!" என்றான் கரையில் மண் கொட்டிக்கொண்டிருந்த கருப்பு.

"கேக்கும் மாப்ள, ஒனக்கு எதுக்கு அவ பதில் சொல்லணும்?" என்றான் கூட மண் கொட்டிய சுருளி. சிரிப்பு எழுவதற்குள் மடைப்பக்கம் கரை ஓர் ஆள் அகலத்துக்குச் சரிந்தது. எல்லாரும் அங்கே ஓடினார்கள்.

ஜமீல் விசையை அழுத்தினார். 'மதகை மூடுங்கள்.' பல்பு எரிந்தது. இரண்டாவது முறை அனுப்பும்போது அணைந்தது. பேட்டரியைத் தொட்டார், கம்பிச்சுருளைத் தொட்டார், பெட்டியைத் தட்டினார். கீழே ஒரு குடிசைக்குள்ளிருந்து குழந்தை அழும் சத்தம் கேட்டது. தவறான பெட்டியைக் கொண்டுவந்துவிட்டோம் என்று நினைத்தார்.

பந்தலுக்கு வெளியே வந்தபோதுதான் பார்த்தார்: கம்பி சேற்றில் கிடந்தது, கடப்பாரையைக் காணவில்லை. உடைப்பருகே குச்சி ஊன்றக் குழி போட்டுக்கொண்டிருந்தான் சுருளி, அதே கடப்பாரையால்.

"சுருளி! அது பெட்டியோடது!"

"கரை போகுது பாய்! சும்மாதானே நட்டு வச்சிருந்தீங்க?"

கரை உடையும்போது கையில் கிடைத்த இரும்பைப் பிடுங்குவது அவர்கள் வழக்கம். கேட்டு எடுக்க நேரமிருக்காது. கரைக்கும் அது தேவை என்பதால் ஜமீலும் அதைத் திரும்பக் கேட்கவில்லை. மண் சுமந்தவர்களுக்குக் குடிதண்ணீர் கொண்டுவந்த ராமக்காளிடம், "தாயி, அந்தப் பித்தளைக் குடம்!" என்றார். காரணம் கேளாமல் அவள் நீட்டினாள். குடத்தின் கழுத்தில் கம்பியை முறுக்கிக் கண்மாய்க்குள் இறக்கினார். பல்பு எரிந்தது.

சபியா கேட்டாளா? அவள் தம்பி பீர் முகமது பொதுப்பணி அலுவலகத்துக்கு ஓடினானா? எதுவும் தெரியாது. அதே இரண்டு சொற்களைத் திரும்பத் திரும்ப அனுப்பினார். முதல் பேட்டரி ஓய்ந்தது, அடுத்ததை மாட்டினார். தண்ணீர் பந்தல்காலைத் தொட்டது.

மாலை சாயும் வேளையில் வாய்க்கால் வாயிலிருந்து சுருளி கத்தினான்: "வரத்து கொறையுது! நொரை அடங்கிருச்சு!" பெண்கள் குலவையிட்டார்கள். கருப்பு பந்தலுக்குள் தலையை நீட்டி, "வீட்டுல கேட்டுட்டாங்க பாய். போதும், நிறுத்துங்க," என்றான்.

ஜமீல் நிறுத்தவில்லை. வரத்து மதகு அடைத்ததால் குறைந்ததா, வேறு எதனாலா என்று சொல்ல அவரிடம் பதில் கேட்கும் பெட்டி இல்லை. பேட்டரி முற்றும் தீரும்வரை அவர் விரல் விசையைவிட்டு விலகவில்லை.