அம்மா முடித்துவைத்த படங்கள்

காந்திபுரம் பஸ் ஸ்டாண்டில் கடலை வறுக்கும் வாசம் வந்தால் போதும், இன்று கல்யாண மண்டபமாகிவிட்ட அந்தத் தாராபுரத்துத் தகரக் கொட்டகைக்கே போய்விடுகிறேன். மேட்னி ஆட்டம், மூட்டைப்பூச்சி பெஞ்சு, வெயிலுக்கு டப்டப்பென்று வெடிக்கும் கூரை, அழுகைக் காட்சி நெருங்கும்போதெல்லாம் என் கையைப் பிடித்து இழுக்கும் அம்மா.

"எந்திரி கண்ணு, பஸ்ஸுக்காரன் உட்டுப்போட்டுப் போயிருவான்."

பஸ் ஆளில்லாமல் அரை மணி நேரம் நிற்கும். அதில் உட்கார்ந்து மிச்சக் கதையை அம்மாவே சொல்வாள், எல்லாரும் பிழைத்துக்கொள்வார்கள்.

அப்படிப் பாதியில் எழுந்துவந்த ஒரு படத்தை நேற்று செல்போனில் கடைசிவரை பார்த்துத் தொலைத்தேன். தங்கை செத்துப்போகிறாள். அம்மா சொன்னதில் அவளுக்கு இரட்டைப் பிள்ளைகள்.

அழுகை வரவில்லை, எரிச்சல்தான் வந்தது. முடிக்கத் தெரியாதவனெல்லாம் எதற்குப் படம் எடுக்கிறான்?