பின்பக்கத்து நாலு பட்டை

பட்டையப் பத்தி எங்க வூட்டுக்காரரு அடிச்ச பெருமைய நெனச்சா இன்னிக்கும் எனக்கு வயிறு எரியுது. எங்களது ஜீப்பு மாதிரி பெரிய வண்டி, ஒம்போது பேர் தாராளமா உக்காரலாம். பின்சக்கரத்துக்கிட்ட ரெண்டு பக்கமும் வில்லு மாதிரி வளைஞ்ச இரும்புத் தகடுங்கள ஒண்ணுக்குக் கீழ ஒண்ணா அடுக்கிக் கட்டியிருப்பாங்க இல்ல, அதுதான் பட்டை. வண்டி வாங்கும்போது ஒரு பக்கத்துக்கு அஞ்சுதான் இருந்துச்சி. இவரு ரெண்டு ரெண்டு சேத்து ஏழாக்கினாரு. எங்க மலையில வண்டிய நல்லாக்கறதுன்னா எல்லாருக்கும் அந்த ஒரு வேலைதான் தெரியும், பட்டை சேக்கறது. புளி மூட்டை, சாமை மூட்டை, அதுக்கு மேல ஆளுங்கன்னு எத்தினி ஏத்தினாலும் வண்டி உக்காராது. "பாரு, பின்னாடி எப்டி தூக்கிக்கினு நிக்குது"ன்னு வர்றவன் போறவன்கிட்டல்லாம் காட்டுவாரு. மூட்டை இல்லாம வெறும் வண்டியா ஓட்டினா ஒவ்வொரு பள்ளத்துக்கும் முதுகுல உலக்கையால இடிக்கும். அதப் பத்தி அப்ப யாரு கவலப்பட்டா? நானும் படல.

போன வருசம் புளி உலுக்கற சமயத்துல அவரு மரத்துலருந்து விழுந்தாரு. "ஆளு வெச்சி உலுக்கிக்கலாம்யா, எறங்கு"ன்னு கீழ நின்னு அடிச்சிக்கினேன். என்னிக்கு என் பேச்சக் கேட்டாரு? கிளை முறிஞ்சி, மல்லாக்க விழுந்து, முதுகெலும்புல ஆபரேசன். உசுரு தங்குச்சி. காலு ரெண்டும் சொன்னபடி கேக்கல. டாக்டரு மூடி மறைக்காம சொல்லிட்டாரு. "வாரத்துக்கு ரெண்டு நாள் திருப்பத்தூருக்குக் கூட்டிட்டு வந்து காலுக்குப் பயிற்சி குடுங்கம்மா. விடாம வந்தா கம்பு புடிச்சாவது நடப்பாரு. நடுவுல நிறுத்துனா காலு சூம்பிடும். அப்புறம் எங்ககிட்ட வந்து பிரயோசனம் இல்ல."

எங்க ஊருக்கு பஸ் கெடையாது. இருந்தாலும் படுத்துக்கினு பஸ்ல போவ முடியுமா? அவரு வண்டியில அவர ஏத்திக்கினு நான்தான் ஓட்டணும். ஓட்டக் கத்துக் குடுத்தது அவருதான். நடுசீட்டக் கழட்டிட்டு மெத்தையப் போட்டு, ரெண்டு பக்கமும் தலகாணி வெச்சி படுக்க வெப்பேன்.

ஊர்லருந்து தார் ரோட்டுக்குப் போற வரைக்கும் ஜல்லியக் கொட்டிட்டு அப்டியே வுட்டுட்டுப் போனான் ஒரு காண்ட்ராக்ட்காரன். அவன் நல்லா இருப்பானா? முதல் பள்ளத்துலயே இந்த மனுஷன் ஒரு சாண் ஒசரம் எகிறி, டொம்முன்னு மெத்தையில விழுவாரு. துண்டச் சுருட்டி வாயில வெச்சிக் கடிச்சிக்குவாரு. கண்ணாடியில பாத்தா கண்ணுலருந்து தண்ணி காதுக்குள்ள வழிஞ்சிக்கினு இருக்கும். நான் மெதுவா போனாலும் இடிக்குது, வேகமா போனாலும் இடிக்குது. மலை எறங்கி ஆஸ்பத்திரி போய்ச் சேர்றதுக்குள்ள அவரு முக்காவாசி செத்திருப்பாரு. அங்க காலத் தூக்கி மடக்கறதுக்கு ஒடம்புல இன்னா மிச்சம் இருக்கும்?

இப்டி நாலு மாசம் ஓட்டினேன். ஒரு நாள் திரும்பி வந்து கட்டில்ல படுக்க வெச்சதும், செவுத்தப் பாத்துக்கினு சொன்னாரு. "இனிமே நான் வரல."

"இன்னாய்யா சொல்ற?"

"காலு போனா போவட்டும். என்னால அந்த வண்டியில படுக்க முடியாது."

எனக்கு வந்துச்சே கோவம்! யாரு பண்ண வேல அது? காலு நல்லா இருந்தப்ப பட்டை மேல பட்டையா சேத்துட்டு, இப்ப படுக்க முடியலயாம். ஆனா திட்டிக்கினு இருந்தா காலு வருமா? அவரு சேத்த பட்டைய எடுத்துட்டா வண்டி பழையபடி மெத்துன்னு ஆயிடும்னு எனக்கே தோணுச்சி. இதுக்கு இன்னா பெரிய படிப்பு வேணும்?

மறுநாளே வண்டிய எடுத்துக்கினு சந்தவாசலுக்கு எறங்கினேன். பட்டை சேத்துக் குடுத்த மெக்கானிக் அங்கதான் இருந்தாரு, எங்க வூட்டுக்காரருக்கு ரொம்ப நாள் சிநேகிதம். வெவரத்த எல்லாம் பொறுமையா கேட்டாரு. ரொம்ப வருத்தப்பட்டாரு. அப்பால கீழ குனிஞ்சி பாத்துட்டு, "வண்டி இப்டி இடிக்குதுன்னா பட்டை பத்தலம்மா. இன்னொண்ணு போட்டுட்டா அலுங்காம நிக்கும்"னாரு.

இன்னொண்ணா? அடப்பாவி மனுஷா!

"அண்ணே, எடுங்கன்னு வந்தா சேக்கறேன்றீங்களே. அந்த எக்ஸ்ட்ரா பட்டையாலதானே இடிக்குது?"

"ஐயய்ய, எடுக்கக் கூடாதும்மா. எடுத்தா வண்டி பின்னாடி உக்காந்துடும். மூட்டை ஏத்தவே முடியாது. நாளைக்கு அவரு எழுந்து வந்து என் சட்டையப் புடிப்பாரு."

சொன்னதோட வுட்டாரா? என் எதிர்லயே போனப் போட்டு எங்க வூட்டுக்காரர்கிட்ட கேட்டாரு. அவரு கட்டில்லருந்து கத்துனது எனக்கே கேட்டுச்சி. "என் வண்டியில எவனும் கை வெக்கக் கூடாது!"

திரும்பி வந்து வண்டிய நிறுத்தினதும் நேரா உள்ள போய்க் கேட்டேன். "உனக்கு காலு வேணுமா, பட்டை வேணுமா?"

"பட்டையக் கழட்டிட்டா அப்பால எதுலடி மூட்டை ஏத்துவேன்?"

எனக்கு அப்பதான் வெளங்குச்சி. பட்டை இருக்கற வரைக்கும் அவரு மனசுல அவரு இன்னும் மூட்டை ஏத்தறவருதான். கழட்டிட்டா நோயாளியத் தூக்கற வண்டி, அதுல படுத்துக்கினு போற நோயாளி. பாவமா இருந்துச்சி. ஆனா பாவத்துக்கு முன்னாடி கோவம்தான் வந்து நின்னுச்சி. "முதல்ல எழுந்து நில்லுய்யா. அப்பால மலையவே ஏத்து, யாரு வேணான்னா?"ன்னு கத்திட்டு வெளிய வந்துட்டேன்.

எங்க அண்ணன் படவேட்டுல டிராக்டர் ஓட்டறாரு. டிராக்டரக் கழட்டி மாட்டத் தெரிஞ்சவருக்கு இது தெரியாதான்னு அவரக் கூப்புட்டேன். திருப்பத்தூர் கடையில குலுக்கலத் தாங்கற புது ஷாக் ரெண்டும், பட்டை முனையில போடற ரப்பர் புஷ்ஷும், பட்டைய வண்டியோட சேத்துக் கட்டற யூ போல்ட்டும் வாங்கினேன். கடைக்காரரு, "எந்த லோடுக்கும்மா?"ன்னாரு. "மனுஷ லோடுக்கு. மெத்துன்னு இருக்கறதாப் பாத்துக் குடுங்க"ன்னேன். அவரு என்ன ஒரு தினுசா பாத்தாரு. பாக்கட்டும்.

ஞாயித்துக்கெழம காலையில வூட்டு வாசல்ல வேலைய ஆரம்பிச்சோம். முன்சக்கரத்துக்கு முன்னாடி பின்னாடி கல்லு வெச்சி, பின்னாடி ஜாக்கி போட்டு ஏத்தினோம். அவரு கட்டில் ஜன்னலோரம். ஜாக்கி சத்தம் கேட்டதுமே புரிஞ்சிடுச்சி.

"யாருடி அது? என் வண்டிய இன்னா பண்றீங்க?"

"கழட்டறோம்."

"கை வெச்ச, கைய ஒடச்சிடுவேன்!"

"வாய்யா. எழுந்து வந்து ஒடைய்யா. எனக்கு சந்தோசம்தான்."

அவரு வாயில வந்ததெல்லாம் எங்க அப்பன் ஆத்தா வரைக்கும் போச்சி. எங்க அண்ணன் சங்கடமா என்னப் பாத்தாரு. "நீ வேலையப் பாருண்ணா"ன்னேன். சக்கரம் ரெண்டும் வந்துடுச்சி. யூ போல்ட்டுதான் துருவேறி அசைவனான்னுச்சி. டீசல் ஊத்தி ஊறவெச்சி, ஸ்பானர்ல நீளமா பைப்ப மாட்டி, அண்ணன் அது மேல ஏறி நின்னாரு. டங்குன்னு ஒரு சத்தம். ஒரு நட்டு வுட்டுச்சி. அடுத்ததுக்கு வெளிச்சம் காட்ட நான் வண்டிக்குக் கீழ படுத்து உள்ள போனேன்.

ஜன்னல்லருந்து வந்த திட்டு திடீர்னு நின்னுச்சி. அப்பால, அதுவரைக்கும் நான் கேக்காத ஒரு கொரல். "மச்சான், சேசிஸ்க்குக் கீழ கட்டை குடுத்தீங்களா?"

அண்ணன் குனிஞ்சி பாத்தாரு. ஜாக்கி ஒண்ணுதான் மொத்த வண்டியையும் தாங்கிக்கினு இருந்துச்சி. அடிச்சட்டத்துக்கு முட்டு குடுக்கற கட்டையப் பத்தி ரெண்டு பேருக்கும் ஞாபகமே வரல.

"வெளிய வாடி! ஐயோ, வெளிய வாடி முதல்ல! மச்சான், அவள இஸ்து வெளிய போடு!"

அந்தக் கொரல்ல நான் ஏன் எதுக்குன்னு கேக்காம ஊர்ந்து வெளிய வந்தேன். எழுந்து பொடவைய ஒதறிக்கினு, "இப்ப இன்னாத்துக்கு இப்டி..."ன்னு வாயத் தொறக்கறேன், ஜாக்கி மண்ணுல சாஞ்சிது. வண்டி ஒரு பக்கமா எறங்கி, சக்கரம் இல்லாத பிரேக் டிரம்மு தரையில குத்தி நின்னுச்சி. நான் தல வெச்சிருந்த எடத்துல அரையடி கூட இடைவெளி இல்ல. அண்ணன் அப்டியே மண்ணுல உக்காந்துட்டாரு.

உள்ளருந்து, "இன்னா ஆச்சி? ஏய், பேசேண்டி! இன்னா ஆச்சி?"

"ஒண்ணும் ஆவல"ன்னேன். என் கொரலு எனக்கே கேக்கல. மறுபடி கத்திச் சொன்னேன்.

அப்பால, "கட்டிலத் தூக்கி வெளிய போடுங்க"ன்னாரு.

ரெண்டு பேரும் கட்டிலோட அவரத் தூக்கியாந்து, வண்டிக்குப் பின்னாடி நெழல்ல போட்டோம். ஒருக்களிச்சிப் படுத்துக்கினு வேலைய நடத்தினாரு. நடத்தினாருன்னா திட்டிக்கினேதான். "எருமைங்களா, ரெண்டு பக்கமும் சேசிஸ்க்குக் கீழ கட்டை குடுங்க. ஜாக்கிய நம்பாதீங்க. ஜாக்கிக்கு அடியில பலகையப் போடு. இப்ப ரெண்டு சக்கரத்துக்கும் நடுவுல இருக்கற ஹவுசிங்கக் கொஞ்சம் எறக்கு. கொஞ்சம்னா கொஞ்சம்!" பட்டைக் கட்டு மொத்தமா கீழ வந்ததும், நடுவுல இருக்கற போல்ட்ட நான் கழட்டப் போனேன். "அதத் தொடாத! முதல்ல கிளாம்ப் போட்டு இறுக்கு. இல்லன்னா பட்டை எகிறி மூஞ்சில அடிக்கும்"னாரு.

எனக்கும் பொறுக்கல. "உனக்குதான் கழட்டவே கூடாதே. அப்பால இன்னாத்துக்கு இத்தினி ரோசன சொல்ற?"

"நீ செத்துத் தொலஞ்சா என்ன யாருடி தூக்கி உக்கார வெப்பா?"

கல்யாணமாகி இத்தினி வருசத்துல இந்த மனுஷன் வாயிலருந்து அதவிட ஆசையா ஒரு பேச்சு நான் கேட்டது இல்ல. அதையும் திட்டற மாதிரிதான் சொல்லணுமா? மூஞ்சியத் திருப்பிக்கினு கிளாம்ப்ப இறுக்கினேன்.

அவரு சேத்த பட்டைங்க ஒண்ணொண்ணா வந்துச்சி, பக்கத்துக்கு ரெண்டு, மொத்தம் நாலு. செவுத்தோரமா சாச்சி வெச்சோம். அவரு அதையே பாத்துக்கினு இருந்தாரு. அப்பால கண்ண மூடிக்கினாரு. நான் அவரப் பாத்தத அவரு பாக்கல. அந்த நேரத்துல எனக்கு யாரு மேல கோவம்னே தெரியல. அந்தப் புளியமரத்து மேல, முறிஞ்ச கிளை மேல, இந்த ஆளோட வீம்பு மேல, நாலு மாசம் கண்ணாடியில அவரு அழுவறதப் பாத்துக்கினே ஓட்டுன என் மேல. இத நான் முதல் மாசமே பண்ணியிருக்கலாமே! வாரத்துக்கு ரெண்டு வாட்டி கட்டின புருஷன அடிச்சி அடிச்சி வைத்தியத்துக்குக் கூட்டிக்கினு போயிருக்கேனே!

பக்கத்துக்கு மீதி இருந்த அஞ்சையும் கட்டி, புது புஷ், புது ஷாக் மாட்டி, மேல ஏத்தினோம். புஷ் போல்ட்ட அண்ணன் முறுக்கப் போனப்ப கண்ணத் தொறக்காமயே சொன்னாரு. "இப்ப முறுக்காத மச்சான். சக்கரத்த மாட்டி, வண்டிய எறக்கி, வெயிட்டு உக்காந்தப்புறம் முறுக்கு. தொங்கும்போது முறுக்கினா ரப்பர் கிழிஞ்சிடும்." அப்டியே பண்ணோம். வண்டி பின்னாடி நாலு வெரக்கட எறங்கி, சாதுவா நின்னுச்சி.

செவ்வாக்கெழம காலையில, "நான் வரலன்னு சொல்லிட்டேன்"னாரு. அண்ணன அதுக்குன்னே நிறுத்தி வெச்சிருந்தேன். ரெண்டு பேரும் தூக்கி மெத்தையில போட்டு கதவ சாத்தினோம். வண்டிய எடுத்தேன். முதல் பள்ளம் வருது, ஆக்சிலேட்டர்லருந்து கால எடுத்தேன். வண்டி எறங்கி, மெதுவா ஒரு ஆட்டம் ஆடி, ஏறிடுச்சி. கண்ணாடியப் பாத்தேன். துண்டு தோள்மேலதான் இருந்துச்சி. ரெண்டாவது பள்ளம், மூணாவது. சத்தமே இல்ல. எனக்கு பயம் வந்துடுச்சி. தார் ரோட்டுக்கு வந்து முதல் வளைவு திரும்பறேன், பின்னாடிலருந்து கொரலு.

"செகண்டு கியர்ல போடாம இன்னாத்துக்குடி தர்டுல உருட்டற? எறக்கத்துல பிரேக்கப் புடிச்சிக்கினே போனா சூடாவாதா?"

"எல்லாம் எனக்குத் தெரியும், நீ கம்முனு படு."

"இன்னா தெரியும்? கிளட்ச்சு மேலருந்து கால எடு முதல்ல. வண்டியக் கெடுக்கறதுக்குன்னே ஓட்டறா பாரு."

"நீ கெடுத்ததவிடவா?"

இத்தினி நாளா அந்த ரோட்டுல அவரு ஒரு வார்த்த பேசினது இல்ல. பேச வாயி ஏது, வாயிலதான் துண்டு இருந்துச்சே? அன்னிக்கு மலை எறங்கி திருப்பத்தூர் வர்ற வரைக்கும் ரெண்டு பேரும் வுடாம சண்டை போட்டோம். ஹாரன் அடிச்சதுக்கு ஒரு சண்டை, அடிக்காததுக்கு ஒரு சண்டை. அவரு கத்தக் கத்த எனக்கு ரோடு மங்கலாத் தெரிஞ்சிது. முந்தானையால தொடச்சித் தொடச்சி ஓட்டினேன். கொரலுல மட்டும் அத காட்டிக்கல.

பயிற்சி முடிஞ்சதும், பயிற்சி குடுக்கற பொண்ணு சீட்டுல எதையோ எழுதிக்கினே அவரக் கேட்டுச்சி. "இன்னிக்கு நல்லா ஒத்துழைச்சீங்க சார். வியாழக்கெழம வருவீங்கல்ல?"

அவரு என் பக்கம் திரும்பவே இல்ல. அந்தப் பொண்ணப் பாத்து சலிப்பா சொன்னாரு. "வர்றேம்மா. ஆனா கொஞ்சம் சீக்கிரமாவே கெளம்பணும். இவ ஓட்டற ஓட்டத்துக்கு இங்க வந்து சேர மத்தியானம் ஆயிடும்."