கீழே வைத்த கத்தி

ஆரணியில் எங்கள் தெருவில் தறியில் அமராத ஆண்மகன் என் சித்தப்பா ஒருவரே. செய்யாற்றுத் தொழிற்சாலை ஒன்றுக்குக் கம்பெனி பஸ்ஸில் போய் வந்தார். தொண்ணூறுகளின் நடுவில், நான் பாவாடை கட்டிய சிறுமியாய் இருந்தபோது, அவருக்குக் கத்தி செய்யும் ஆசை பிறந்தது. விற்பதற்கன்று, செய்து பார்ப்பதற்கு மட்டுமே.

தோட்டத்தில் தகரக் கொட்டகை எழுந்தது. காயலான் கடையிலிருந்து வந்த தண்டவாளத் துண்டு பட்டடையாயிற்று. பழைய இரும்புத் தொட்டியின் உட்புறம் களிமண் பூசி உலை அமைத்தார். லாரியின் உடைந்த ஸ்பிரிங் பட்டையைப் பழுக்கக் காய்ச்சி, அடித்து, இறுதியில் கடலை எண்ணெயில் தோய்ப்பார்.

"கொழம்பு தாளிக்க எண்ண இல்ல. உங்க கத்தி மட்டும் தாளிச்சுகினு இருக்குது" என்பார் அம்மா.

அப்பா விதித்த நிபந்தனை ஒன்றே: "பாவு தெருவுல இருக்க சொல்லோ நீ இரும்ப தொடக் கூடாது." விடியற்காலையில் நெடுக்கு இழைகளான பட்டுப் பாவைத் தெரு நீளத்துக்கு இழுத்துக் கட்டிக் கஞ்சி போட்டு உலர்த்துவது எங்கள் வழக்கம். ஈரப் பட்டில் இரும்புத்தூள் விழுந்தால் துருவாய்ப் படியும். பிறகு எதற்கும் போகாது.

சித்தப்பா அந்த நிபந்தனையை மீறியவரல்லர். ஒரு நாள் காலை, கல்யாணப் புடவைக்கான சந்தன நிறப் பாவு தெருவில் நீண்டிருந்தது. அதைப் பிடிக்க ஓர் ஆள் குறைந்தது. "இன்னா தம்பி, கத்தி முடிஞ்சி பீரங்கி செய்யறதுக்குள்ள ஒரு கை குடுத்துட்டுப் போ, ஜல்தி" என்று எதிர்வீட்டுக்காரர் அழைத்தார். சித்தப்பா மகிழ்ந்து ஓடிவந்தார். கைகளைச் சோப்புப் போட்டுக் கழுவிக்கொண்டுதான் வந்தார். தோளில் கிடந்த துண்டை மறந்துவிட்டார். முந்தைய நாள் அரம் தேய்த்த தூள் முழுதும் அதில் இருந்தது. அவர் குனிந்து நிமிர்ந்தபோதெல்லாம் அது பாவில் உதிர்ந்ததை எவரும் காணவில்லை.

பாவு தறியில் ஏறிய பின்னரே செம்புள்ளிகள் தெரிந்தன. அப்பா நெடுநேரம் அதைப் பார்த்தார். பின்பு பாவு முழுவதையும் கத்தரியால் அறுத்தார். கத்தவில்லை.

"இரும்பும் பட்டும் ஒரே வூட்ல ஆவாது. நீ செய்யார்லயே வூடு பாத்துக்கோ."

"சரிண்ணா" என்றார் சித்தப்பா.

கொட்டகைக்குப் பூட்டு விழுந்தது. இருவரும் பேசிக்கொள்ளவில்லை. சித்தப்பா ஷிப்ட் முடிந்து வீடு தேடிவிட்டு வரும் ஒவ்வொரு மாலையும், "கெடைச்சிதா?" என்று நான் கேட்பேன். இல்லையென்று அவர் தலையசைக்கும் வரை எனக்குச் சோறு இறங்காது.

தெருவில் பாவு இல்லாத ஒரு ஞாயிறன்று அவர் கொட்டகையைத் திறந்தார். மாலையில் துண்டில்லாத வெற்றுத் தோளுடன் தறியருகே வந்து நின்றார். கையில் விரலளவே நீண்ட சிறு கத்தி. பிடி, தறியில் ஊடையிழை ஓட்டித் தேய்ந்துபோன அப்பாவின் பழைய நாடாவின் மரம். பாதி பிளேடால் இழை அறுத்து அப்பாவின் கட்டைவிரல் கீறிக் கிடந்ததை அவரும் கண்டிருக்க வேண்டும்.

அப்பா தறிக்குழியில் இருந்தபடியே கையை நீட்டினார்.

சித்தப்பா அந்தக் கையில் கத்தியை வைக்கவில்லை. குனிந்து தரையில் வைத்துவிட்டு ஓரடி பின்வாங்கினார். நீட்டிய கை சற்று நேரம் அப்படியே நின்றது. பிறகு அப்பா தரையிலிருந்து அதை எடுத்து, தொங்கிய ஓர் இழையை அறுத்துப் பார்த்தார்.

நான் அடுப்பங்கரைக்கு ஓடி, "சித்தப்பா அப்பா கைய கூட தொட மாட்டேன்றாரும்மா, போயிடுவாரு" என்று அழுதேன். அம்மா என் முகத்தைத் துடைத்துவிட்டுச் சோறு வடித்தார்.

மறுநாள் காலை கொட்டகையில் சம்மட்டிச் சத்தம் கேட்டது. தறியில் இருந்த அப்பா, "துண்ட அங்கயே வுட்டுட்டு வரச்சொல்லு" என்று என்னிடம் சொல்லியனுப்பினார். சித்தப்பா அதன்பின் வீடு தேடவில்லை. பகைத்துக்கொண்டவர்கள் எப்படி ஒரே வீட்டில் இருக்கிறார்கள் என்று எனக்கு வெகுகாலம் விளங்கவில்லை.

கத்தியைக் கைக்குக் கை கொடுத்தால் கொடுத்தவருக்கும் வாங்கியவருக்கும் பகை மூளும் என்பது எங்கள் வீடுகளின் நம்பிக்கை. அதை நான் அறிந்தது, என் திருமணத்துக்குப் பின் அம்மா எனக்கென ஒரு கத்தியைத் தரையில் வைத்தபோதுதான். நீட்டிய கையைத் தொடாமல் விட்டதை மட்டுமே அன்று நான் கண்டேன். அண்ணனை இழக்க அஞ்சியவர் கத்தியை எவ்வளவு பதமாகக் கீழே வைத்தார் என்பதைக் காணவில்லை.