கடைசி எபிசோடில் நினைவு திரும்பும்

என் மகள் பார்க்கும் கொரியத் தொடர்களைக் கண்டாலே எனக்குப் பற்றிக்கொண்டு வரும். கதாநாயகன் ரோட்டைக் கடந்தால் போதும், எங்கிருந்தோ ஒரு லாரி வந்துவிடும். தலையில் அடிபடும், ஆனால் முடி கலையாது. கண் விழித்ததும் ஊரில் எல்லாரையும் தெரியும், கட்டிக்கொள்ளப் போகிறவளை மட்டும் தெரியாது. கடைசி எபிசோடில் அவள் அழுவாள், மழை பெய்யும், எல்லாம் ஞாபகம் வந்துவிடும். இதைத் தமிழில் டப்பிங் செய்து வேறு கழுத்தறுக்கிறார்கள்.

என் கணவருக்கு அடிபட்டது குமணன்சாவடியில். பைக்கில் வேலைக்குப் போனவர். தலையை மழித்துத்தான் ஆபரேஷன் செய்தார்கள். அம்பத்தூர் எஸ்டேட்டில் லேத் ஓட்டக் கற்றுக்கொண்டது வரை அவருக்கு நினைவிருக்கிறது. அதற்குப் பிறகு எங்கள் கல்யாணம், மகள் பிறந்தது, எதுவும் இல்லை. சொன்னால் தலையாட்டுவார், மறுநாள் அதுவும் போய்விடும். "வாடி, போடி" என்று அதட்டிக்கொண்டிருந்த மனுஷன், இப்போது "சோறு போடுறீங்களாமா?" என்று கேட்கிறார். அந்த மரியாதையைத்தான் என்னால் தாங்க முடியவில்லை.

டாக்டர் கையை விரித்துவிட்டார். மகள் விடவில்லை. "பழைய எடத்துக்குக் கூட்டிகினு போனா எல்லாருக்கும் ஞாபகம் வருதும்மா" என்றாள். எல்லாரும் என்றால் அந்தத் தொடர்களில் வருகிறவர்கள். எரிச்சலாகத்தான் இருந்தது. ஆனாலும் கல்யாணப் புடவையை எடுத்துக் கட்டிக்கொண்டேன். ஆசை யாரை விட்டது?

எங்கள் கல்யாணம் நடந்தது திருவேற்காடு கோயிலில். ஷேர் ஆட்டோவில் என்மேல் படக்கூடாது என்று அவர் ஓரமாக ஒதுங்கியே வந்தார். சாமி கும்பிட்டதும் மகள் குங்குமத்தை அவர் உள்ளங்கையில் கொட்டி, "அம்மாக்கு வெச்சு உடுப்பா" என்றாள். நான் நெற்றியைக் காட்டிக்கொண்டு நின்றேன்.

அவர் என் முகத்தைப் பார்த்தார். பார்வை கழுத்தில் இருந்த தாலிக்கு இறங்கியது. சட்டென்று கையை இழுத்துக்கொண்டார்.

"இன்னா பாப்பா நீ? அவங்க கல்யாணம் ஆனவங்க. அவங்க ஊட்டுக்காரருதான் வெக்கணும். நான் வெச்சா தப்பாயிடும்."

மகள் தூணுக்குப் பின்னால் போய் அழுதாள். அவர் கூச்சத்தோடு என் பக்கம் திரும்பினார். "தப்பா எடுத்துக்காதீங்கமா. உங்க ஊட்டுக்காரரு எங்க கீறாரு?"

"வேலைக்குப் போயிருக்காரு" என்றேன்.